கறுப்புப் பெட்டியா, வெள்ளைப் பெட்டியா?

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையின் கடைசி வாரங்களில் எங்கள் மந்தைவெளி வீட்டில் ஒரே சண்டைதான். வெள்ளையா, கறுப்பா? வீடியோ கேம் பெட்டி விற்பதில் அப்போது இரண்டு கம்பெனிகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஒருவர் பெட்டி வெள்ளை, இன்னொருவர் பெட்டி கறுப்பு. பெயரெல்லாம் அம்மாவின் வாயில் நுழையவில்லை என்பதால் வீட்டில் நிறத்தை வைத்தே பேசினோம். நான் வெள்ளைக் கட்சி, அக்கா கறுப்புக் கட்சி. அப்பா எந்தக் கட்சியும் இல்லை, பணம் கட்டுகிற கட்சி.

நியாயமாகப் பார்த்தால் அந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு உரிமையே கிடையாது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடமும் வாங்கியிருந்தது அக்கா. என்ன வேண்டுமோ கேள் என்று அப்பா சொன்னதும் அவளிடம்தான். அவள் வாட்ச் கேட்கவில்லை, புதுப் போன் கேட்கவில்லை. வீடியோ கேம் பெட்டி கேட்டாள், அதுவும் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. இன்னும் மூன்று வாரத்தில் ஹாஸ்டலுக்குப் போகிறவள், வீட்டு டிவியில் மாட்டுகிற பெட்டியை எதற்குக் கேட்கிறாள் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வந்தவரை லாபம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்ட கையோடு, எந்தப் பெட்டி என்பதையும் நானே முடிவு செய்வது என்று கிளம்பிவிட்டேன். திமிர்தான், வேறென்ன!

என் பக்கத்து நியாயம் ரொம்பச் சுருக்கமானது. வகுப்பில் ஐந்து பேரிடம் வெள்ளை இருந்தது. காலையில் பிரேயர் மணி அடிக்கும் வரை முந்தின நாள் ஆடிய ஆட்டத்தைப் பற்றியேதான் பேச்சு. அந்த ஆட்டம் கறுப்பில் வராது. ஆகவே கறுப்பு வாங்கினால் என் வாழ்க்கை முடிந்தது. அக்காவின் நியாயமும் சுருக்கமானதுதான், ஆனால் எனக்குப் புரியவில்லை.

“கறுப்புன்னா அதே ஆட்டத்தை லேப்டாப்லயும் ஆடலாம்டா” என்பாள்.

“லேப்டாப்ல எதுக்கு ஆடணும்? அதான் டிவி இருக்கே!” என்பேன்.

“ஆமா, இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் அதே லேப்டாப். அவளுக்குச் சண்டை போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கூச்சல் தாங்காமல் அப்பா கடைசியில் ஒரு சட்டம் போட்டார். இரண்டு பேர் வாயிலும் ஒரே நிறம் வந்தால்தான் அவர் கார்டை எடுப்பார். இல்லையென்றால் பெட்டியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக தி. நகர் போவது என்று முடிவாயிற்று. அக்காவின் ஹாஸ்டலுக்கு பக்கெட், மக், பூட்டு, போர்வை, கொடிக்கயிறு எல்லாம் வாங்க வேண்டும். அப்படியே பெட்டியும். நான் பன்னிரண்டு மணிக்கே ஷூவை மாட்டிக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்குமாக அலைய ஆரம்பித்தேன். அம்மா பாத்திரம் தேய்த்தாள், துணி மடித்தாள், புடவையை ஒருமுறை கட்டி, பிடிக்காமல் வேறொன்று கட்டினாள். அப்பா கண்ணாடியைத் தேடினார். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. எனக்கு உள்ளங்கால் அரித்தது. ஒருவழியாக ஆட்டோ பிடித்து, பாண்டி பஜார் நெரிசலில் ஊர்ந்து, கடை வாசலில் இறங்கியபோது மணி நாலு முப்பத்தைந்து.

அம்மா படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “ஐயையோ, ஞாயித்துக்கிழமை! நாலரைல இருந்து ஆறு ராகுகாலம்.”

பொருளைப் பார்க்கலாமாம், தொடலாமாம், வேண்டுமானால் கட்டிக்கூடப் பிடித்துக்கொள்ளலாமாம். ஆனால் பில் மட்டும் ஆறு மணிக்கு மேல்தான். பக்கெட்டுக்குமா ராகுகாலம் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். பெண் முதல் தடவையாக வெளியூர் போகிறாள், பக்கெட்டுக்கும்தான் என்றாள் அம்மா. காபிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை போலிருக்கிறது. இருவரும் ஆளுக்கொரு காபியோடு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம்! பன்னிரண்டு வயதில் அது எவ்வளவு நீளம் என்பதை இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நானும் அக்காவும் கடைக்குள் போனோம். இரண்டு பெட்டிகளும் ஒரே கண்ணாடி அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அங்கே நின்ற விற்பனைக்கார அண்ணனுக்குச் சிந்தாதிரிப்பேட்டை, பேச்சிலேயே தெரிந்தது. ஆறு மணிக்கு மேல்தான் வாங்குவோம் என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

“பரவால்ல மேடம். ஞாயித்துக்கெழம சாய்ந்தரம்னா பாதி பேரு இப்டித்தான் சுத்திக்கினு இருப்பாங்க. தம்பி, இன்னா யோசன? ரெண்டுமே சூப்பராத்தான் கீது.”

அக்கா நேராக லேப்டாப் விஷயத்துக்குத்தான் போனாள். வேறு ஊரில் இருந்து ஆட முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“கறுப்புதான? நீங்க எந்த ஊர்ல இருந்தா இன்னா மேடம், லேப்டாப்ப தொறந்தா போதும். தம்பி இங்க டிவில ஆடிக்கினு இருப்பாரு, நீங்க அங்கருந்து அதே ஆட்டத்துல பூந்துரலாம். ரெண்டு பேரும் பேசிக்கினே ஆடலாம்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. “கேட்டியாடா?” என்றாள்.

கேட்டேன். நன்றாகவே கேட்டது. ஐயோ, கட்சி கைவிட்டுப் போகிறதே! அந்த அண்ணன் வேறு அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். நான் அலமாரிக்கும் கதவுக்கும் நடந்தேன். வெளியே போய் அப்பாவின் வாட்சைப் பார்த்தேன், ஐந்து இருபது. உள்ளே வந்தேன். அக்கா இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி வெளியே போனேன், ஐந்து இருபத்திரண்டு. எல்லோரும் சேர்ந்து என்னைத் தோற்கடிக்கக் காத்திருப்பதுபோல் இருந்தது. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

ஓடிப்போய் அம்மா காதில் போட்டேன். “அம்மா, அக்கா ஹாஸ்டல்ல உக்காந்து எந்நேரமும் கேம் ஆடப் போறாளாம். அதுக்குத்தான் கறுப்பு கேக்கறா. கடைக்காரர்கிட்டயே கேட்டா, நீ வேணா வந்து கேளு.”

அம்மாவுக்கு அந்த மூன்று வாரமும் தூக்கம் இல்லை. பெண் அங்கே என்ன சாப்பிடுவாள், யாரோடு சேர்வாள் என்று ஏற்கெனவே ஆயிரம் கவலை. அதன் மேல் நான் கொளுத்திப் போட்டேன். அது பற்றிக்கொண்டது. காபி டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கடை வாசலுக்கே போய் அக்காவை வெளியே கூப்பிட்டாள்.

“படிக்கப் போறியா, ஆடப் போறியா? இங்க இருக்கறப்ப ஆடினா போறாதா? அவ்ளோ தூரம் போயும் இதே நெனப்பா?”

நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா, விடேன், விடேன் என்று முனகினார். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். எடுத்தவள் என்னைப் பார்த்தாள். நான் எதிர்ச்சாரியில் இருந்த புடவைக்கடை போர்டை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், இவனோடு ஆடத்தான் கேட்கிறேன் என்று. அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

“ஒண்ணுமில்லம்மா. அவன் கேக்கறதையே வாங்கிக் குடுங்க” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது! இன்னும் அரைமணி இருக்கிறது, அதற்குள் மனம் மாறிவிட்டால்? அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போனேன். வெள்ளைதானே, வெள்ளைதானே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சத்தியம் பண்ணச் சொன்னேன். ஒருமுறை பண்ணினாள், போதாது என்று இன்னொருமுறை பண்ணச் சொன்னேன்.

“பண்ணிட்டேன்டா, விடு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் போயிருக்கும்.

ஆறு அடித்து ஒரு நிமிடம் ஆனதும் அம்மா எழுந்தாள். கவுண்டரில் அப்பா தன் சட்டப்படி, இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றார். வெள்ளை என்று நான் கத்தினேன். அக்காவும் சொன்னாள். அந்த அண்ணன் அவளைப் பார்த்து, “லேப்டாப்பு கேட்டீங்களே மேடம்?” என்றார். “வேணாங்கண்ணா” என்றாள். பிறகு பக்கெட், மக் எல்லாம் வாங்கினோம். ஆட்டோவில் பெட்டி என் மடியில் இருந்தது, பக்கெட் அவள் மடியில். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

ஜூன் மாத நடுவில் அவள் போனாள். போன பிறகு தினமும் சாயங்காலம் அம்மாவின் போனில் வீடியோ கால். சாப்பிட்டியா, மெஸ்ஸில் என்ன குழம்பு என்று அம்மா பேசி முடித்ததும், “அவன்கிட்ட குடும்மா” என்பாள். நான் அந்த நேரத்தில் ஆட்டத்தில் இருப்பேன், காதில் ஹெட்செட், அந்தப் பக்கம் வகுப்புப் பையன்கள். “நீ ஆடுடா. போனை மட்டும் டிவிக்கு நேரா வை, நான் சும்மா பாக்கறேன்” என்பாள். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பேன். சும்மாவும் இருக்க மாட்டாள். இடப்பக்கம் பார், ஒருத்தன் வருகிறான் என்பாள். அந்தப் படம் அவளுக்குப் போய், அவள் குரல் எனக்கு வருவதற்குள் அவன் என்னைச் சுட்டுவிட்டுப் போயிருப்பான். நான் செத்த பிறகு, குனி, குனி என்று சத்தம் வரும். ஹெட்செட்டில் பையன்கள் சிரிப்பார்கள். “யாருடா அது, உங்கக்காவா?” என்பார்கள். மானம் போகும்.

நான் எவ்வளவு நேரம் ஆடுகிறேன் என்று அம்மாதான் அவளை வேவு பார்க்கச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். நாள் ஆக ஆக அது உறுதியாகிவிட்டது. வேறு எதற்கு ஒருத்தி, தான் ஆடாத ஆட்டத்தை அங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறாள்? ஒரு நாள் அவள் குரலை ஒட்டுமொத்தமாகக் குறைத்து, போனைப் பாட்டிலில் இருந்து எடுத்து, மேலே பார்க்க சோபாவில் போட்டுவிட்டு ஆட்டத்தில் மூழ்கிவிட்டேன். அப்படியே மறந்தும்போனேன்.

ஆட்டம் முடிந்து தண்ணீருக்குக் கை நீட்டியபோதுதான் கண்ணில் பட்டது. கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு நிமிடம். இத்தனை நேரமும் அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடியது எங்கள் ஹால் மின்விசிறி மட்டும்தான். போன் திரையில் தெரிந்த அக்கா, ஹாஸ்டல் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைத் தூக்கியதும் அவசரமாகச் சிரித்து, உதட்டை அசைத்து ஏதோ கேட்டாள். ஜெயித்தாயா என்று கேட்டிருப்பாள். இவளுக்கு வேறு வேலையே கிடையாதா, சார்ஜெல்லாம் போச்சே என்று எரிச்சலாக வந்தது. குரலைக்கூடக் கூட்டாமல் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன்.