அறுபது எண் போட்ட மட்டை

எண்ணூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தைத் தாண்டினால் ஒரு கம்பெனியின் நீண்ட மதில் வரும். அதற்குள்ளே ஒன்பது குழி வைத்த கோல்ஃப் மைதானம் ஒன்று இருப்பது திருவொற்றியூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. பதினெட்டு வருடமாக நான் அங்கே ஆடுகிறவர்களின் மட்டைப் பை தூக்குகிறேன். ஆடுகிறவர்கள் கம்பெனியின் பெரிய அதிகாரிகளும் அவர்களுடைய விருந்தாளிகளும். தூக்குகிற நாங்கள் பத்துப் பேர்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் முன்னால் பை தூக்குகிறவன் யோசனை சொன்னால் ஆடுகிறவருக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் வாயைத் திறக்க மாட்டோம். பந்து கிடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, எந்த மட்டை சரியோ அதன் தலையில் சும்மா கையை வைத்துக்கொண்டு நிற்போம். அவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். தானே முடிவு செய்ததுபோல அதைக் கேட்பார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். புது ஆட்களிடம் பேச வேண்டும் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கென்றே செய்த வழக்கம் போல இருந்தது அது.

நான் தூக்கியது ஒரு இன்ஜினீயரின் பை. மைதானத்தின் கமிட்டியில் அவர் சொல்வதுதான் நடக்கும். ஆட்டத்திலும் அவரை அடிக்க அங்கே ஆள் இல்லை. போன வருடம் வெளிநாட்டிலிருந்து அவர் மகன் ஒரு மட்டை அனுப்பினான். அதன் பெயர் லாப் வெட்ஜ். தலையில் அறுபது என்று எண் வெட்டியிருக்கும். முகம் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். அதால் அடித்தால் பந்து முன்னால் போகாமல் நேரே மேலே ஏறி, குழிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்து நிற்கும். நன்றாக ஆடுகிறவன் பையில் இது இல்லாமல் இருக்கக் கூடாது என்று செல்போனில் யாரோ சொன்னதை அவர் எனக்குப் போட்டுக் காட்டினார். தலையாட்டினேன்.

அந்த வீடியோவில் இருந்த புல் மெத்தை மாதிரி இருந்தது. எங்கள் தரை அப்படி இல்லை. உப்புக்காற்றும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் படிந்து, புல் தேய்ந்து, பல இடங்களில் சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடக்கும். பந்துக்கு அடியில் மட்டை நுழைய இடமே இருக்காது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால், மேலே போன பந்து எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைதேர்ந்தவனுக்கு அந்த மட்டை தேவையா என்று கேட்டால், வருடத்தில் பத்து நாள் தேவை என்பேன். மற்ற நாளெல்லாம் அது பையில் இருப்பதே ஆபத்து. ஆடத் தெரியாதவன் பயந்துகொண்டு அதைத் தொட மாட்டான். கைதேர்ந்தவன்தான் எடுப்பான், தன்னால் முடியும் என்று காட்டுவதற்காக.

அந்த வருடம் மைதானத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுக்க நிரந்தரமாக ஓர் ஆளை எடுப்பதாக இருந்தது. எனக்கு வலது முட்டி போய்விட்டது. பையோடு ஒரு சுற்று வந்தால், மறுநாள் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன். இன்ஜினீயர் தானாகவே சொன்னார், கமிட்டியில் என் பெயரைச் சொல்வதாக. குனிந்தபடி சிரித்தேன். மனைவியிடம் சொன்னது தப்பு. தண்ணீர் லாரிக்கு நிற்கிற பெண்கள் எல்லோரிடமும் அவள் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் கோப்பைக்கான ஆட்டம். கடைசிக் குழி. இன்னும் மூன்று முறை அடித்து முடித்தால் அவருக்குத்தான் கோப்பை. பந்து மொட்டைத் தரையில் கிடந்தது. வலது பக்கம் மணல்குழி. இடது பக்கம் பந்து உருண்டு போக நல்ல வழி இருந்தது. ஒன்பதாம் எண் மட்டையால் லேசாகத் தட்டி உருட்டிவிட்டால் குழிக்குப் பத்தடி தூரத்தில் நிற்கும், அங்கிருந்து இரண்டு முறை அடிக்கலாம், அது தாராளம். நான் ஒன்பதின் மேல் கையை வைத்தேன். அவர் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரியும். பின்னால் விருந்தாளிகள் டீக்கோப்பையோடு நின்றிருந்தார்கள்.

"அறுபதக் குடு" என்றார்.

கொடுத்தேன். மட்டை தரையில் மோதித் துள்ளிப் பந்தின் வயிற்றில் பட்டது. பந்து புல்வெளியைத் தாண்டி வேலிகாத்தான் புதருக்குள் போய்விட்டது.

தோற்றுவிட்டு வந்தவர் கமிட்டித் தலைவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், "தப்பான ஸ்டிக்கக் குடுத்துட்டான். என்ன பண்றது?"

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயாப்பா குடுத்த?"

அத்தனை கண்களும் என் மேல் இருந்தன. "ஆமா சார்" என்றேன்.

பையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ராயபுரத்துக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனும் பை தூக்குகிறவன்தான், என் வயதுக்காரன்.

"இன்னா மாமு, நீ கைய வெச்சது ஒம்போதுல. நான் பார்த்துகினுதான இருந்தேன். வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?"

"நடந்தத கமிட்டில அவரே சொல்லுவாருப்பா."

"சொல்லுவாரு, சொல்லுவாரு. நீ குந்திகினே இரு."

குந்திக்கொண்டுதான் இருந்தேன். அந்த வாரம் அவர் சொல்லவில்லை. அந்த மாதமும் சொல்லவில்லை. அவர் பெரிய மனிதர், தனியாக இருக்கும்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது யோசித்தால் அவர் மேல் வருவதைவிட அதிகக் கோபம் என் மேல்தான் வருகிறது. ஒரு விருந்தாளி சிபாரிசு செய்த பையன் வேலைக்கு வந்தான். இன்ஜினீயர் என் தோளைத் தட்டி, "உனக்குக் கூச்சம்பா. சொல்லிக்குடுக்கிறவன் பேசணும் இல்லியா" என்றார். மட்டை விஷயம் அவருக்கு மறந்தே போயிருந்தது. தெருவில் மனைவி தண்ணீர் லாரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். குடத்தை நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்போதும் அவர் பையைத்தான் தூக்குகிறேன். எந்த மட்டையிலும் கை வைப்பதில்லை. வாரைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்கிறேன். முதலில் அவர் கவனிக்கவில்லை. பிறகு தடுமாற ஆரம்பித்தார். போன வாரம், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, ஆட்கள் இருக்கும்போதே வாய்விட்டுக் கேட்டார்.

"நீ சொல்லு. இந்த எடத்துல அறுபது வேணுமா, வேணாமா?"

முந்தின நாள் முழுக்க மழை. தரை இளகி, புல் நிமிர்ந்திருந்தது. காற்றே இல்லை. வருடத்தில் அந்த மட்டைக்கு வாய்க்கும் பத்து நாளில் அது ஒன்று. வேணும் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"உங்க இஷ்டம் சார்" என்றேன்.

அவர் ஒன்பதை உருவினார். ஈரத்தில் பந்து உருளாமல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முட்டியை இழுத்தபடி, அவருக்குப் பின்னால் நடந்தேன்.