தாடைக்குள் ஒரு பள்ளம்

சோறு மெல்லும்போது இடது தாடையில் ஒரு கனம் தெரிந்தது. வலி இல்லை. வலிக்காத வீக்கத்தை நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

போன வருஷம், 1991. ஒரகடம் பக்கம் ஒரு போல்ட் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கன்னம் எலுமிச்சம்பழமாக உப்பியதும், படப்பையில் ஊசி போடும் மச்சான் ஏகாம்பரத்திடம் போனேன். என் மனைவியின் தம்பி. ஒரு டாக்டரிடம் எட்டு மாதம் கம்பவுண்டராக இருந்துவிட்டு, தானே பெஞ்சு போட்டு வைத்தியம் ஆரம்பித்தவன்.

"பொன்னுக்கு வீங்கி மாமா. அக்கா சங்கிலிய கழுத்துல மாட்டிக்கோ. பத்து நாள்ல வத்திடும்."

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கம் போடுவது எங்கள் வழக்கம். போட்டேன். பத்து நாள் மூன்று மாதமானது. இவ்வளவு பெரிய மீசையோடும் மனைவியின் சங்கிலியோடும் மிஷின் ஓட்டினேன்.

"இன்னா மாப்ளே, சீர்வரிசை எப்போ?" என்று லைனே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். புத்தி அவ்வளவுதான்.

வீக்கம் வற்றாததில் மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊசியை நெருப்பில் காட்டி வாய்க்குள் குத்தினான். மஞ்சள் தண்ணீர் வழிந்தது. "கெட்ட தண்ணி பூட்ச்சி மாமா, எய்ந்து போ" என்றான். நான்காம் நாள் காய்ச்சல், சீழ். வாய் ஒரு விரல் நுழையக்கூடத் திறக்கவில்லை.

மனைவி சென்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். அதில் தெரிந்தது நீர்க்கட்டி (எலும்புக்குள் தண்ணீர் கோத்த பை).

"கடைவாய்ப்பல் ஒண்ணு முளைக்காம உள்ளயே படுத்திருக்கு. அதைச் சுத்தியிருந்த செல்லுங்க பையா வளர்ந்து எலும்பைக் கரைச்சிருக்கு."

"ஒடம்புல சண்ட போட்ற அணு ஒண்ணு கீதாமே, அது இன்னாம்மா பண்ணிக்கினு இருந்துச்சி?"

வெள்ளையணுவைத்தான் கேட்டேன் (ரத்தத்தில் கிருமியை எதிர்ப்பது, நோய் எதிர்ப்புச் சக்தி அதனால்தான்).

"கட்டி உங்க சொந்த செல்லுதானே? வெளி ஆள்னாதான் அது அடிக்கும். ஊசி வழியா கிருமி போனதும் ஓடி வந்துச்சு. அந்தச் சண்டையிலதான் சீழ். யார் குத்தினது?"

"அவனும் சொந்தம்தாம்மா."

அவர் சிரிக்கவில்லை. "எலும்பு அப்பளமா இருக்கு. சீழ் அடங்கலைன்னா பாதித் தாடையை அறுத்து எடுக்க வேண்டி வரும்."

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் தாடையைத்தான் தடவினேன். இருந்தது. பையையும் பல்லையும் எடுத்திருந்தார்கள். பையின் தோலைச் சோதித்து, புற்று இல்லை என்றார்கள். எலும்பு உள்ளிருந்து வளர்ந்து தூர வேண்டும் என்று பள்ளத்தைத் தைக்காமல் விட்டார்கள். தாடை ஒடியாமலிருக்க மேல்பல்லையும் கீழ்பல்லையும் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம், கஞ்சித் தண்ணீர்.

மச்சான் இளநீரோடு வந்தான். பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன். அந்தத் தண்ணிய எடுக்கலன்னா மாமா அப்பவே பூட்டிருப்பாரு" என்றான்.

கம்பிக்குப் பின்னால் ஐம்பது கெட்ட வார்த்தை வரிசையில் நின்றது. எச்சில்தான் வந்தது. சீட்டில் எழுதிக் காட்டலாமென்றால் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை (இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள்). என் உறுமலை நன்றி என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தான்.

கம்பி வெட்டிய அன்றே மனைவி கேட்டாள்: "என் தம்பிய வுட்டுடேன். தெரியாம பண்ட்டான்."

"'எனக்கு வைத்தியம் தெரியாது'ன்னு அவன் ஜனங்ககிட்ட சொல்லட்டும். வுட்டுட்றேன்."

அவன் சொல்லவில்லை. அதனால் ஷிப்ட் முடிந்ததும் அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பல்வலி என்று வந்த பெரியவரிடம் கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினேன். "பாத்துக்கோ பெர்சு. நம்ம டாக்டர் கைராசி." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அன்று நான்கு பேர் போனார்கள். இவ்வளவு சுகமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

"மாமா, எத்தினி நாளைக்கு இங்கியே குந்திக்கினு இருப்ப?"

"பள்ளம் தூர்ற வரிக்கும்டா. ஒரு வருசம் ஆவுமாம்."

இடது உதடு இன்னும் மரத்திருக்கிறது. டீ வழிந்தால் சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது. காலண்டர் பார்ப்பதை விட்டுவிட்டேன்; நாக்கை உள்ளே விட்டு நாளைக் கணக்கிடுகிறேன். அப்போது நுனி முழுக்க இறங்கியது, இப்போது பாதி.

என்னைவிட ஆவலாகக் காத்திருப்பவன் மச்சான்தான். நான் போய் உட்கார்ந்ததும் டார்ச்சை எடுத்து, "மாமா, ஆ காட்டு" என்கிறான். காட்டுகிறேன். உள்ளே பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறான்.

என் எலும்புக்கு அவசரமே இல்லை.