ஏழாவது வாசல் பூங்காவனம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் என் மகள் போனில் யாரிடமோ கத்துவது கேட்டது. "அவள இன்னாத்துக்குடி சாவடிச்ச? யார கேட்டு சாவடிச்ச?" கையில் ஜல்லிக் கரண்டியோடு ஓடினேன். விசாரித்தால் கதையாம். இவளும் கல்லூரித் தோழிகள் மூன்று பேருமாகச் சேர்ந்து போனில் ஒரு கதை எழுதுகிறார்கள். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு கற்பனை ராஜ்யம், ஆளுக்கு ஒரு அத்தியாயம். இவள் ஆசையாக உருவாக்கிய சூனியக்காரியைத் தோழி ஒருத்தி மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டுவிட்டாளாம்.

"கதைதானடி, இதுக்குப் போயி இப்படிக் கத்துறியா?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தையை இதற்கு முன்னால் ஒரே ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். திரும்பி வருவதற்குள் வடை கருகிவிட்டது. கருகியதை எல்லாம் நானே தின்றேன்.

கருகல் வாசனை வந்தாலே எனக்கு வெள்ளிமலை ஞாபகம்தான். கல்வராயன் மலையில் நானும் அஞ்சலையக்காவும் ஒரே அறையில் தங்கியிருந்த இரண்டரை வருஷத்தில் சமைத்ததில் பாதி கருகல். கிளற வேண்டிய நேரத்தில் இரண்டு பேருமே புத்தகத்துக்குள் இருப்போம். அடிப்பிடித்த சாம்பாரை முகர்ந்து பார்த்து, "இன்னிக்கி தளபதி கையால சமையல்" என்பாள் அக்கா. அந்தத் தளபதிக்குக் கண் தெரியாது. யார் அந்தத் தளபதி என்று கேட்கிறீர்களா, வருகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கிராம சுகாதார செவிலியர் வேலை, முதல் உத்தரவே மலைக்கு. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டம். அங்கே பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வடக்கனந்தலில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஓர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டினாள். அவள்தான் அஞ்சலையக்கா.

"நீதான் புது நர்சா? நானும் நர்சுதான், மேலதான் வேல செய்யறேன். ஜன்னலாண்ட குந்து. கீழ பாக்காத. நான் ஒண்ணு படிக்கறேன், கேட்டுக்கினே வா."

செய்தித்தாளில் அட்டை போட்ட, கைக்கு அடக்கமான புத்தகம். படித்தாள். மேலே போய் இறங்கும்போது நான் குமட்டலை மறந்து, "அந்த மூணாவது வாசல தொறந்தாங்களா இல்லயாக்கா?" என்று கேட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன். பெட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு. கண்டக்டர் விசிலடித்துக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

'ஒன்பது வாசல்' என்பது அந்தச் சிறுகதைத் தொகுப்புகளின் பெயர். சென்னையில் ஏதோ ஒரு சின்னப் பதிப்பகம் இரண்டு மாதத்துக்கு ஒன்று போட்டது. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் கதைகள், வேறு வேறு ஆட்கள் எழுதியவை. ஆனால் எல்லாக் கதையும் நடப்பது ஒரே ஊரில். ஒன்பது வாசல் வைத்த ஒரு கோட்டை நகரம். ஒரு வாசலுக்கு வெளியே எப்போதும் மழை, இன்னொன்றுக்கு வெளியே எப்போதும் அறுவடை. ஏழாவது வாசலை மட்டும் எந்த ராஜாவாலும் திறக்க முடியவில்லை. ஒருவர் கதையில் கண்ணை இழந்த தளபதி அடுத்தவர் கதையில் கோலூன்றிக்கொண்டு போவான். ஒருவர் கதையில் இடிந்த பாலம் எல்லோர் கதையிலும் இடிந்துதான் கிடக்கும். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு 'நகரச் சட்டம்' அச்சடித்திருப்பார்கள். இங்கே நடந்தது நடந்ததே. இறந்தவரை இன்னொருவர் உயிரோடு கொண்டுவரக் கூடாது. வாசகர்களும் கதை அனுப்பலாம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் இருந்த புத்தகக் கடைக்காரர் தலைப்பைப் பார்த்து ஏமாந்து, விரத முறைகளுக்கும் கவசப் புத்தகங்களுக்கும் நடுவில் இதை அடுக்கி வைத்திருந்தார். "ஒடம்புல ஒம்போது வாசல்னு சித்தருங்க சொன்னதாச்சேம்மா! இந்த வயசுலயே இவ்ளோ ஞானமா உங்களுக்கு?" என்று எங்களைக் கும்பிடாத குறை. நாங்களும் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு வாங்கி வருவோம்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். அப்போது பல ஊர்களுக்குப் பாதை கிடையாது. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடித் தடம்தான். ஐஸ் கட்டி அடுக்கிய நீலப் பெட்டியை ஒருத்தி தோளில் மாட்டிக்கொள்ள, மற்றவள் சத்தமாகப் படித்துக்கொண்டே நடப்பாள். அடுத்த ஊருக்கு முறை மாறும். தண்ணீருக்கோ தழைக்கோ போகிற பெண்கள் சிலர் கூடவே நடந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் சின்னப்பொண்ணு என்று ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் எடை பார்க்கும்போது கேட்டாள்.

"ஏழாவது வாசலாண்ட ஒருத்தி புல்லுக்கட்டோட குந்தினு இருந்தாளே, அவ இன்னா ஆனாங்க நர்சம்மா?"

எங்களுக்கு நினைவே இல்லை. தேடினால், எப்போதோ வந்த ஒரு கதையில் ஒரே ஒரு வரி. 'வாசலோரம் ஒரு புல்லுக்கட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள்.' அவ்வளவுதான். பேர்கூடக் கிடையாது.

அன்றைக்கு ராத்திரி அஞ்சலையக்கா அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டை நீட்டினாள். அந்தப் புல்லுக்கட்டுக்காரிக்குப் பூங்காவனம் என்று பேர் வைத்து ஒரு முழுக் கதை எழுதியிருந்தாள். ஏழாவது வாசலைக் காவல் காக்கிற நாகம் பூங்காவனத்தைக் கடிக்கிறது. அவள் சாகவில்லை. முந்தானையைக் கிழித்துக் காலில் இறுகக் கட்டிக்கொண்டு, புல்லுக்கட்டையும் கீழே போடாமல் வாசல்வரை நடக்கிறாள். பச்சைப் புல் வாசனைக்கு உள்ளே இருக்கிற குதிரைகள் எல்லாம் முட்டி மோதி, யாராலும் திறக்க முடியாத கதவைத் திறந்துவிடுகின்றன. பாம்பு கடித்தால் துணி கட்டக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவள்தான் அக்கா. கதையில் கட்டிவிட்டாள். அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா பேரு பூங்காவனம்" என்றாள். "கூலிக்குக் கரும்பு வெட்டப் போவும். வூட்டுக்கு வரசொல்ல புல்லு அறுத்துக் கட்டிக்கினு வரும். எனக்குப் பன்னெண்டு வயசுல, வரப்புல பாம்பு புடுங்கிடுச்சி. ஆஸ்பத்திரிக்கு வண்டி கெடைக்கல. அதுக்கப்புறந்தான் நர்சாவணும்னு படிச்சேன்."

அந்தக் கதை அச்சில் வந்தது. 'அஞ்சலை, கல்வராயன் மலை' என்று பேர். சின்னப்பொண்ணுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினோம். "இந்த ஊர்ல எங்கம்மாவுக்குச் சாவு கெடையாது" என்று புத்தகத்தைத் தட்டிச் சொன்னாள் அக்கா. "யாராவது படிச்சினு இருக்கற வரிக்கும் அது பாட்டுக்குக் குந்தினு இருக்கும்."

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்கு என்று எழுதி வைத்தது போல வளர்ந்தவள் நான். மணலூர்பேட்டையில் எங்களுக்கு நெல்லும் கரும்புமாக நிலம். அதில் கரும்பு வெட்ட வருகிறவர்களைப் போல ஒருத்தியின் மகள் எனக்கு முன்னால் அச்சில் வந்துவிட்டாள். இப்படி வெளிப்படையாக நான் அன்று நினைக்கவில்லை, ஆனால் நினைப்பின் அடியில் அதுதான் இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "உங்க ஊரு ஆத்துத் திருவிழா நல்லா இருக்குமாமே" என்று அக்கா இரண்டு தை மாதம் கேட்டாள். "கூட்டம் ஜாஸ்திக்கா" என்று இரண்டு தடவையும் சொன்னேன். கூட்டம் இல்லை காரணம். வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் அம்மா முதலில் கேட்பது, எந்தத் தெரு என்றுதான்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் மணலூர்பேட்டை வீட்டில் உட்கார்ந்து நானும் ஒரு கதை எழுதினேன். கண்ணில்லாத தளபதி மறுபடி வாளெடுக்கிறான். எடுக்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? இரண்டே வரி எழுதினேன். 'மழைவாசல் உடைந்து வெள்ளம் ஏழாவது வாசலைச் சூழ்ந்தது. புல்லுக்கட்டுக்காரி பூங்காவனத்தின் உடல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது.' அதைக் கேட்டுத் தளபதி எழுகிறான். பிறகு எட்டுப் பக்கம் அவன் வீரம்.

யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்தப் பேரை எழுதும்போது பேனா நின்றது. வேறு யாரையாவது சாகடித்திருக்கலாம், ஊரில் ஆளா இல்லை? ஆனால் பூங்காவனம் என்றால்தான் படிக்கிறவர்களுக்கு வலிக்கும் என்று தோன்றியது. எழுதினேன். அக்காவிடம் காட்டாமல் அனுப்பினேன். 'திடீர்னு அச்சுல பாத்து ஆச்சரியப்படட்டும்' என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

முதல் கதையாகப் போட்டிருந்தார்கள். புத்தகம் வந்த புதன்கிழமை, பெட்டி என் தோளில். படிக்கிற முறை அக்காவுடையது. என் பேரைப் பார்த்ததும், "அடிப்பாவி, சொல்லவே இல்ல!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். சின்னப்பொண்ணு கைக்குழந்தையோடு கூட வந்தாள். அக்கா நல்ல குரலெடுத்துப் படித்தாள். அந்த இரண்டு வரி வந்தது. படித்தாள். நின்றாள். அடுத்த வரியிலிருந்து அதே குரலில் மறுபடி ஆரம்பித்து எட்டுப் பக்கத்தையும் கடைசிவரை படித்தாள். நடுவில் நிறுத்துவாள், நிறுத்துவாள் என்று நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். நிறுத்தவில்லை.

"அப்ப அவ செத்துட்டாளா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"ஆமா" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "நல்லா எழுதிகீற."

"கதைதானக்கா" என்றேன்.

"ஆமா. கதைதான்." என் தோளிலிருந்து பெட்டியைக் கழற்றி, முறை என்னுடையதாக இருந்தும், தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எப்போதும்போல எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், தலை பின்னிவிட்டாள். புதன்கிழமைகளில் மட்டும் "தொண்ட கட்டினுகீது, நீயே படி" என்றாள். பிறகு நானும் படிக்கவில்லை. பூங்காவனத்துக்கு இரண்டாவது கதை ஒன்று நோட்டில் பாதி எழுதி வைத்திருந்தாள். ஒருநாள் பார்த்தால் அந்த நோட்டின் வெற்றுப் பக்கங்களில் குழந்தைகளின் எடை எழுதியிருந்தது. அவளுக்குத் தெரியாமல் பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டேன், வெள்ளத்தில் போனது வேறு ஒருத்தி என்று திருத்தம் போடுங்கள் என்று. ஒரு கார்டு வந்தது. 'நகரச் சட்டம் அனைவருக்கும் ஒன்றே. தங்கள் கதையை வாசகர்கள் மிகவும் பாராட்டுகிறார்கள்.' அதற்குப் பிறகு இரண்டு புத்தகங்கள் வந்தன. அதோடு நின்றுவிட்டது. அப்பா யாரையோ பார்த்து எனக்குக் கீழே மாறுதல் வாங்கினார். கல்யாணம். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

மூன்று வருஷம் முன்னால் கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. ஒரே பெண், கல்லூரியில் படிக்கிறாளாம். இடைவேளையில் டீயை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பிள்ளைகள், மூட்டுவலி, இடமாறுதல் எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டாள்.

"உன்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கி வெள்ளம் வரசொல்ல அவ எங்க இருந்தா? வாசல்லயா, புல்லு அறுக்கப் போயிருந்தாளா?"

"பூங்காவனமா?" என்றேன்.

"நீ எழுதல. ஒடம்பு ஒதுங்குச்சின்னு மட்டுந்தான் எழுதிகீற. கூட யாராவது இருந்தாங்களா இல்லயான்னு ரொம்ப நாள் யோசிச்சினு இருந்தேன்."

"நான் யோசிக்கவே இல்லக்கா" என்றேன். "அவங்கள பத்தி ஒண்ணுமே யோசிக்கல. என்ன மன்னிச்சிடு."

அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "எங்கம்மாவும் தனியாத்தான் கெடந்துது" என்றாள். எழுந்து போகும்போது, "என் கதை வந்த பொஸ்தகத்த கரையான் தின்னுடுச்சி. உங்கிட்ட இருந்தா குடு. பொண்ணு படிக்கணும்னுது" என்றாள்.

"தேடிப் பாக்கறேன்க்கா" என்றேன். என்னிடம் இல்லை என்று அப்போதே தெரியும். மாறுதலாகிக் கீழே வந்தபோது எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, என் கதை வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

தேடத்தான் செய்தேன். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பக்கத்தில் கேட்டதற்கு, புத்தகக் கடையா, இங்கேயா என்றார்கள். பதிப்பக விலாசத்துக்குப் போட்ட கடிதம், அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வைத்தேன், நூலகத்தில் கேட்டேன். போன மாதம் ஒரு வேலையாக மலைக்குப் போனேன். நாங்கள் படித்துக்கொண்டே நடந்த தடம் முழுக்கத் தார்ச்சாலை. அதில் ஷேர் ஆட்டோ போகிறது, இருபது நிமிஷத்தில் மூன்று ஊர். எந்த வளைவில் நின்று அக்கா அந்த இரண்டு வரியைப் படித்தாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அத்தனை பேர் எழுதிய அந்த நகரத்தில், எனக்குத் தெரிந்து, மிச்சம் இருப்பது என் பீரோவில் உள்ள ஒரு புத்தகம். அதில் பூங்காவனம் செத்துப்போயிருக்கிறாள்.