கையால் சுற்றிய சக்கரம்

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில் எங்கள் பூன் லே வீட்டு ஹாலில் நான் ஒரு மெஷின் கட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சொல்கிறபடி நகர்ந்து பலகையில் எழுத்துச் செதுக்கும். செதுக்க வேண்டும், ஆனால் செதுக்கவில்லை.

வேலையைத் தொடங்குமுன் அதன் செதுக்கும் தலை மூலைக்குப் போய் அங்குள்ள சுவிட்சைத் தொட வேண்டும். அங்கிருந்துதான் எல்லா அளவும். என்னுடையதோ தொட்டுவிட்டதாக நினைத்துப் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஸ்க்ரூவை இறுக்கினேன், சுவிட்சை மாற்றினேன், மனைவி ஸ்டெல்லாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் அதே ஹாலில் அக்கம்பக்கத்தாரின் கிறிஸ்துமஸ் துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். பண்டிகை நெருங்கியும் துணி மலைபோல் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை தலை ஒழுங்காக மூலைவரை போனது. மறுபடியும் போனது.

"பார்த்தியா, கிரீஸ்தான் குறைச்சல்" என்று பெருமையாகத் திரும்பினேன்.

ஸ்டெல்லா தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மோட்டார் கெட்டுப்போச்சா?"

"இல்லங்க. நான் பெடல மிதிச்சா உங்களோடது நின்னுடுது. ரெண்டு நாளா பாக்குறேன் லா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேக்குற நிலைமையிலயா இருந்தீங்க?"

அவள் மோட்டாரின் மின் இரைச்சல் என் சுவிட்ச் ஒயரில் ஏறியிருக்கிறது; அதைத்தான் என் மெஷின் சுவிட்சைத் தொட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கிரீஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரைச்சல் ஏறாதபடி உறை போட்ட ஒயராக மாற்றி, தள்ளி இழுத்துக் கட்டினேன்.

"இப்ப மிதி" என்றேன். தையல் மெஷின் தடதடவென்று ஓட, தலை மூலையைத் தொட்டது.

அதன்பின் எதை மாற்றினாலும், சோதிக்குமுன் அவளைக் கூப்பிடுவேன்: "ஸ்டெல்லா, கொஞ்சம் தைம்மா."