எல்லாருக்கும் ஒரே வலி

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட வேண்டாம். வயிற்றுவலியைக்கூட ஒழுங்காக நடிக்கத் தெரியாமல் ஒரு பெண்ணின் பரீட்சையைக் கெடுத்தவன்.

ஆம்பூரில் தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. காலையில் நான் பார்த்து ஒதுக்கிய தோலையே முதலாளி மதியம் வேறு குவியலில் செருகிவிடுவார். காலையில் ஒரு தரம், மதியம் வேறு தரம் சொன்னால் மாட்டிக்கொள்வேன். மாட்டியதே இல்லை. இந்தப் பெருமையை, கம்பெனிக்குச் செருப்பு வாங்க வந்த வேலூர் பேராசிரியை ஒருவரிடம் அளந்தேன். மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்கு என்னைப் பொய் நோயாளியாகக் கூப்பிட்டுவிட்டார்.

வலது அடிவயிற்றில் வலி. வாந்தியைப் பற்றிக் கேட்டால்தான் சொல்ல வேண்டும். வருகிற அத்தனை பேருக்கும் ஒரே வலி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இல்லாவிட்டால் அவர்கள் வாங்குவது அவர்கள் மார்க்கே இல்லையாம்.

ஆறு பேர் வரை அளவாக வலித்தது. ஏழாவதாக மேல்விஷாரத்துப் பெண் வந்தாள். போன தடவை இதே தேர்வில் தோற்றதைச் சொல்லி, காலையில் வராந்தாவில் தோழியிடம் அழுதவள். எனக்கு மனசு இளகிவிட்டது. அவள் வாய் திறக்குமுன்பே வாந்தி, காய்ச்சல், பசியில்லாமை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாவம், இடப்பக்கம் கை வைத்தாள். அந்தக் கையை நானே எடுத்து வலப்பக்கம் வைத்து அலறினேன்.

மூலையில் மார்க் போட்டுக்கொண்டிருந்த பேராசிரியை பேனாவை மூடினார். வலிக்கிற இடத்தைக் கடைசியில்தான் தொட வேண்டுமாம். அவள் சரியாகத்தான் ஆரம்பித்திருந்தாள். இப்போது அந்த மார்க் செல்லாது, சாயங்காலம் வேறு நோயாளியிடம் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரே தோலுக்கு ரெண்டு தரம் போட்டீங்கன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லட்டுமா?"

சாயங்காலம் வரை வாசலிலேயே நின்றேன். அவள் வெளியே வந்து, தேறிவிட்டதாகத் தலையாட்டினாள். அதோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"என்னாலதாம்மா உனக்கு இவ்ளோ பேஜாரு. அடுத்த வருஷம் கரெக்டா வலிக்கிறேன்" என்றேன்.

"வேணாண்ணா, நீங்க தோலையே பாருங்க."