முதலில் வந்து நின்ற பக்கம்

இன்றைக்கும் செல்போனில் எதையாவது தேட உட்கார்ந்தால், அழுகிய பூண்டின் நாற்றம்தான் எனக்கு முதலில் வருகிறது.

எங்கள் மேல்மலை ஊரில் விதைப்பூண்டைத் தாளும் தண்டுமாகக் கட்டி, அடுப்புக்கு மேலே விட்டத்தில் தொங்கவிடுவோம். புகை பட்டுக் கறுத்துக் காய்ந்து, அடுத்த நடவு வரை அப்படியே கிடக்கும். அந்த வருஷம் மழை விடவே இல்லை. சில கட்டுகளில் பூஞ்சணம் பிடித்தது. என் வீட்டுக்காரர் பயந்துபோனார். விதை போனால் நடவு இல்லை. வெளியே விதை வாங்கி நடுகிற வசதி எங்களுக்குக் கிடையாது.

போனை வாய்க்கு அருகில் வைத்து, "பூண்டு கெட்டுப்போகாம இருக்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். மலைப்பூண்டா, விதைக்கா சமையலுக்கா, ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வந்து நின்ற பக்கத்தைத் தொட்டார். அதன் தலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்றிருந்தது. தாங்கள் விற்கிற மருந்தில் நனைத்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கச் சொன்னது. வேண்டாம் என்றேன்.

"மொதல்ல வந்திருக்குல்ல, சும்மாவா போடுவாக?" என்றார். மருந்தை வரவழைத்துப் பாதி விதையை இறக்கி அப்படியே செய்தார்.

பையைப் பிரித்த அன்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். பூண்டெல்லாம் கூழாகி விரலில் ஒட்டியது. எத்தனை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை.

அந்தக் கையோடுதான் நான் தேட உட்கார்ந்தேன். மலைப்பூண்டு, விதை, பூஞ்சணம் என்று தேவையான வார்த்தைகளை மட்டும் கொடுத்தேன். பூண்டு தின்றால் முடி வளரும் என்றான் ஒருவன். ஃப்ரிட்ஜில் வை என்றாள் ஒருத்தி. ஒரே பத்தியைப் பிழையோடு திருடிப் போட்ட பக்கங்கள் வரிசையாக வந்தன. ச்சீ என்றிருந்தது. 'விலை', 'ஆர்டர்' என்ற வார்த்தைகள் உள்ள பக்கங்கள் வராதிருக்க, அவற்றுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டேன்; கடை விரித்தவர்களில் பாதிப்பேர் ஒழிந்தார்கள். மிச்சத்தில் யார் எழுதியது, எந்த ஊருக்கு எழுதியது என்று பார்த்துப் பார்த்துக் கீழே போனேன். அடியில் ஒரு வேளாண் ஆராய்ச்சிக் குறிப்பு கிடந்தது. கெட்ட கட்டுகளை விலக்கு, மற்றதை நனைக்காதே, காற்றாடப் புகையில் தொங்கவிடு என்றது. நாங்கள் இறக்கிய இடத்திலேயே மறுபடி ஏற்றச் சொல்கிறது. எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விட்டத்தில் மிஞ்சிய பாதியைக் காப்பாற்றி நட்டோம். விதை போதாமல் எங்கள் மேட்டுக்காட்டு நிலம் அந்தப் பருவம் சும்மா கிடந்தது.

அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒரு நாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்பக் கேரட் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தோம். கோணலும் வெடிப்பும் அடியில் போகும், நல்லதெல்லாம் மேலே வரும். மண்டிக்காரருக்கும் இது தெரியும். மேலே இருப்பதை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்துதான் எடுத்துப் பார்ப்பார்.

வீட்டுக்காரர் நல்ல கேரட்டாகப் பொறுக்கி மேலே அடுக்கிக்கொண்டே, "அந்த வெளம்பரம் போட்டவன் வெளங்குவானா?" என்று திட்டினார்.

"ஏங்க, இப்ப நீங்க என்ன சோலி பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றேன்.

கை நின்றது. மூட்டையைப் பார்த்தார், காலியாகக் கிடந்த காட்டைப் பார்த்தார்.

"வெரசா தை, லாரி வந்துரும்" என்றார்.

மேலடுக்கைக் கலைக்கவில்லை. கோணி ஊசியை அவர் முன்னால் போட்டுவிட்டு நான் எழுந்துவிட்டேன்.