இடது தோள் மட்டும்

அந்த மருத்துவமனையின் மசாஜ் அறையில் அவளுக்கு ‘இரும்புக்கை’ என்று பெயர். கூட வேலை பார்ப்பவர்கள் செல்லமாக வைத்தது. கணினி முன் குனிந்தே கழுத்து பிடித்துக்கொண்ட குமாஸ்தாக்கள், தலைவலி மாத்திரையிலேயே காலம் தள்ளிய ஆசிரியைகள், தூக்கம் தொலைத்த ஓட்டுநர்கள் எல்லோரும் முனகிக்கொண்டே வந்து, முகம் தெளிந்து போவார்கள். ஊர் வலியை எல்லாம் கரைத்தவளுக்குள் ஒரு வலி மட்டும் கரையவே இல்லை. அதைக் கொடுத்தவள் அவள் நாத்தனார்.

கல்யாணமான புதிதில் ஒரு மாலை, இடுப்பு பிடித்துக்கொண்ட நோயாளி ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து வாசலில் காரில் ஏற்றினாள். எதிர்ச்சாரியில் நின்று நாத்தனார் அதைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய், கண்டவனோடு கைகோத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள் என்று தம்பியிடம் சொன்னாள். அந்த மனிதர் ஊன்றியிருந்த கைத்தடியை மட்டும் சொல்லாமல் விட்டாள். ஊரான் உடம்பைப் பிடித்துவிடுகிறவள் வேறெப்படி இருப்பாள் என்று மாமியாரும் சேர்ந்துகொண்டாள். கணவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டான்.

அதே நாத்தனார்தான் இன்று மருத்துவர் அனுப்பி வந்திருந்தாள். தலை சீவக்கூட இரண்டு கையும் எழவில்லையாம். முகக்கவசம் போட்டிருந்தவளை அடையாளம் தெரியாமல், மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

கைக்கெட்டும் தூரத்தில் அந்தக் கழுத்து! இரும்புக்கையின் நெஞ்சு கொதித்தது. ஒரு அழுத்து, ஆயுளுக்கும் மறக்காத அழுத்து போதும். ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை. அதைவிடக் கொடியதாக ஒன்று செய்தாள். இடது தோளை மட்டும், தன் தொழிலில் கற்ற அத்தனையும் போட்டு, பக்குவமாகப் பிடித்துவிட்டாள். கயிறாய் முறுக்கியிருந்த தசை மெல்ல இளகியது. ரத்தம் ஓடிச் சூடு பரவியது. நாத்தனாரின் மூச்சு நீண்டு, ஒரு பெருமூச்சாக வெளியேறியது.

அத்தோடு கையை எடுத்துவிட்டாள்.

“எழுந்து இடது கையைத் தூக்கிப் பாருங்க, அண்ணி.”

கை தலைக்கு மேல் போனது. அதே நொடியில் அந்த ‘அண்ணி’ காதில் விழுந்து, நாத்தனார் விறைத்தாள். இரும்புக்கை முகக்கவசத்தைக் கழற்றியிருந்தாள்.

“வலது பக்கம்?” என்றாள் ஈனக்குரலில்.

“அடுத்த ரூம்ல ஒருத்தர் இருக்காரு, அவரும் நல்லா செய்வாரு. என் கைதான் வேணும்னா, உங்க தம்பிக்குப் போன் போட்டு அந்தக் கைத்தடியைப் பத்திச் சொல்லுங்க.”

“பழைய கதை எதுக்கும்மா இப்போ?”

“உங்க வலி தானா வந்தது, அண்ணி. என் வலி நீங்க குடுத்தது.”

நாத்தனார் கோபமாக எழுந்து கூந்தலை முடியப் போனாள். இடது கை ஏறியது, வலது கை பாதியில் நின்றது. வலியில் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இரண்டு பக்கமும் வலித்ததைப் பொறுத்தவளால், ஒரு பக்கம் சுகம் கண்டபின் மறுபக்கத்தைப் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்தாள். குணமான கையாலேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, அன்னிக்கு உன் பொண்டாட்டி கூட்டிட்டு வந்தவர் நடக்க முடியாம கைத்தடி ஊனிட்டு வந்தாருடா. பார்த்துட்டுத்தான் சொல்லாம விட்டேன்.”

மறுமுனையிலிருந்து உடைந்த குரல் வந்தது. “அவ எங்க இருக்கா, அக்கா? ஒரு வார்த்தை பேசணும்.”

நாத்தனார் போனை நீட்டினாள். இரும்புக்கை அதைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கைகளில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துச் சூடேற்றினாள்.

“ரெண்டு கையும் எண்ணெயா இருக்கு. போனை வைக்கச் சொல்லுங்க” என்றாள். “நீங்க குப்புறப் படுங்க, அண்ணி.”